கடை வேலை நிற்காமல் ரவுட்டரும் சுவிட்சும் மாற்றுவது எப்படி?

திருகோணமலை நகரத்துக் கடைகளிலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளிலும் நெட்வொர்க் சாமான் மாற்றும் வேலையைப் புதிதாகத் தொடங்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். புது ரவுட்டரை மாட்டி இன்டர்நெட் வரவைப்பதைப் பெட்டிக்குள் இருக்கும் தாளே சொல்லித்தரும். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. மறுநாள் காலை கடை திறந்ததும் பில் அடிக்க வேண்டும், கமரா தெரிய வேண்டும், கார்ட் மெஷின் காசு எடுக்க வேண்டும். முந்தின இரவு ஏதோ மாறியது என்றே கேஷியருக்குத் தெரியக்கூடாது.

ஐபி முகவரி என்றால் என்ன, கிரிம்ப் பண்ணுவது எப்படி என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. நாள் குறிப்பது

கடற்கரை விடுதிகளுக்கு ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை சீசன். அந்த நேரத்தில் பெரிய மாற்றம் எதுவும் வேண்டாம். மாரி மழையில் வெளிக் கேபிள் இழுக்கவும் முடியாது. பெப்ரவரி, மார்ச்தான் நல்ல காலம். மார்ச் வந்தால் பின்னேரங்களில் இடி மின்னல் தொடங்கிவிடும் என்பதால் கூரை வேலைகளைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

நகரத்தில் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை மூடும் நேரத்தில் செய்யலாமே என்று சில முதலாளிமார் கேட்பார்கள். சுவிட்ச் மாற்ற அந்த நேரம் போதும். ரவுட்டர் என்றால் இரவு கடை மூடிய பிறகுதான். ஏதாவது பிழைத்தால் பழையதைத் திரும்ப மாட்டவும் நேரம் கையில் இருக்க வேண்டும்.

2. கழற்ற முன் எழுதுங்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

பழைய ரவுட்டருக்குள் போய் இவற்றைக் கொப்பியில் எழுதுங்கள்: ரவுட்டரின் லேன் (கடையின் உள் நெட்வொர்க்) முகவரி, சாமான்களுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியின் எண்களின் தொடக்கமும் முடிவும், எந்தச் சாமானுக்காவது ஒதுக்கிய முகவரிகள், போர்ட் ஃபோர்வர்ட் (வெளியில் இருந்து கமரா போன்ற உள் சாமானுக்கு வரத் திறந்துவிட்ட வழி), வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் எழுத்துப் பிசகாமல். ஒவ்வொரு கேபிளும் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று போனில் படம் எடுங்கள்.

பிறகு, கடையில் உள்ள எல்லாவற்றையும் ஓன் செய்யச் சொல்லிவிட்டு நெட்வொர்க்கை ஸ்கேன் செய்யுங்கள். கணினியில் என்றால் அட்வான்ஸ்ட் ஐபி ஸ்கேனர், போனில் என்றால் ஃபிங். இரண்டில் எனக்கு முதலாவதுதான் பிடிக்கும், பட்டியலைச் சேமித்து வைக்கலாம். ஓஃப் ஆகிக் கிடக்கும் சாமான் ஸ்கேனில் வராது. சமையலறைக்கு ஓடர் அடிக்கும் பிரிண்டர் இப்படித்தான் அடிக்கடி விடுபடும்.

இவ்வளவும் ஏன்? பில் பிரிண்டருக்கு 192.168.1.87 என்ற முகவரியை யாரோ ஒருவர் முன்பு கையால் கொடுத்திருப்பார். பில் மென்பொருளும் அந்த முகவரிக்குத்தான் தாளை அனுப்பும். நீங்கள் மாட்டும் மைக்ரோடிக் ரவுட்டர் 192.168.88.1 என்று வரும். பல டிபி-லிங்க் ரவுட்டர்கள் 192.168.0.1 என்று வரும். கணினிகளும் போன்களும் புது ரவுட்டரிடம் புது முகவரி வாங்கிக்கொள்ளும். பிரிண்டர் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். இன்டர்நெட் நன்றாக வரும், யூடியூப் ஓடும், பில் மட்டும் அடிக்காது. கமரா பெட்டியும் கைரேகை மெஷினும் அப்படியே.

பிரிண்டரின் முகவரி தெரியவில்லையா? பவரை நிறுத்தி, ஃபீட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி திரும்ப ஓன் செய்யுங்கள். பெரும்பாலான தெர்மல் பிரிண்டர்களில் சோதனைத் தாள் ஒன்று வரும். நெட்வொர்க் வகை என்றால் பலவற்றில் ஐபி முகவரியும் அதிலேயே இருக்கும். அந்தத் துண்டைக் கொப்பியில் ஒட்டிவையுங்கள்.

தீர்வு எளிது. சாமான்களை ஒவ்வொன்றாக மாற்றப் போகாமல், புது ரவுட்டரின் லேன் முகவரியைப் பழையதாகவே மாற்றுங்கள். டிஹெச்சிபி எல்லையையும் அதே மாதிரி கொடுங்கள், ஆனால் கையால் கொடுத்த முகவரிகள் அதற்குள் விழக்கூடாது. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் பழையதே. பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2 என்று வையுங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய கார்ட் மெஷின்கள் சேராமல் போகலாம். இதையெல்லாம் வீட்டு மேசையிலேயே செய்து முடித்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும்.

*பின்சேர்ப்பு:* கிண்ணியாவில் இருந்து ஒருவர், இங்கே சொன்னபடி செய்தும் இன்டர்நெட் வரவில்லை என்று எழுதியிருந்தார். ஃபைபர் நிறுவனம் கொடுத்த பெட்டி 192.168.1.1. அதுதான் இதுவரை கடைக்கு ரவுட்டராகவும் இருந்தது. அதன் பின்னால் மாட்டிய புது ரவுட்டருக்கும் அதே முகவரி. உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே எண் வரிசை என்றால் எதை எங்கே அனுப்புவது என்று ரவுட்டருக்குத் தெரியாது. நிறுவனப் பெட்டியின் முகவரியை 192.168.50.1 போல வேறாக மாற்றி, அதன் வைஃபையையும் நிறுத்திவிடுங்கள். அல்லது பிரிட்ஜ் முறைக்கு மாற்றுங்கள், அப்போது அந்தப் பெட்டி ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும். பிரிட்ஜ் என்றால் புது ரவுட்டரே நிறுவனத்தின் இணைப்புக்குள் நுழைவதற்கான பிபிபிஓஇ பயனர் பெயரும் பாஸ்வேர்டும் தேவைப்படலாம். அதை முந்தின நாள் பகலிலேயே நிறுவனத்துக்கு அழைப்பு எடுத்துக் கேட்டு வாங்கி வையுங்கள்.

3. கேபிள்

விலை குறைந்த கேபிள் பெட்டிகள் பலவற்றில் உள்ளே இருப்பது செம்பு பூசிய அலுமினியம். கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். வளைத்தால் முறியும், கேபிள் வழியாகவே கமராவுக்குக் கரண்ட் கொடுக்கும்போது மின்னழுத்தம் இறங்கும். முழுச் செம்பு கேட் 6 வாங்குங்கள். ஒரு ஓட்டம் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது.

கடலோரத்தில் இன்னொன்று உண்டு. உப்புவெளியில் கமரா விட்டுவிட்டு வேலை செய்கிறது என்றால் முதலில் வெளியில் இருக்கும் ஆர்ஜே45 முனையைக் கழற்றிப் பாருங்கள். பொன்னிறமாக இருக்க வேண்டிய பற்களில் பச்சைப் பொடி படிந்திருக்கும். உப்புக் காற்றின் வேலை. துடைத்து மாட்டினால் கொஞ்ச நாள் ஓடும், பிறகு திரும்பவும் வரும். முனையை வெட்டிப் புதிது போட்டு, மூடிய பெட்டிக்குள் வையுங்கள். கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் கீழே ஒரு வளைவு விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். வெளியில் ஓடுவது வெயில் தாங்கும் கறுப்பு உறை கேபிளாக இருக்கட்டும்.

4. மாற்றும் வரிசை

முதலில் சுவிட்ச். மாற்றி, எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்த பிறகு ரவுட்டர். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் பிழை எதில் என்று தேட முடியாது. பிஓஇ சுவிட்ச் (கேபிள் வழியாகவே கமராவுக்குக் கரண்ட் கொடுப்பது) என்றால் போர்ட் எண்ணிக்கையோடு மொத்த வாட் எவ்வளவு என்றும் பாருங்கள். 8 கமராவுக்கு இடம் இருந்தும் இரவில் அகச்சிவப்பு விளக்கு எரிந்ததும் இரண்டு கமரா அணைந்தால், காரணம் அதுதான்.

பழைய கட்டடங்களில் உருண்டைப் பின் சாக்கெட் இருக்கும், புது அடாப்டர் சதுரப் பின்னோடு வரும். பொருத்தமான மல்டி பிளக் ஒன்று பையில் இருக்கட்டும்.

பழைய ரவுட்டரை, வைஃபைக்கு உதவும் என்று பின் அறையில் மாட்டச் சொல்வார்கள். மாட்டலாம், ஆனால் அதன் டிஹெச்சிபியை நிறுத்தி, லேன் முகவரியையும் மாற்றிய பிறகுதான். நிறுத்தாமல் விட்டால் ஒரே நெட்வொர்க்கில் இரண்டு பேர் முகவரி கொடுப்பார்கள். சிலருக்கு இன்டர்நெட் வரும், சிலருக்கு வராது, யாருக்கு என்பது நாளுக்கு நாள் மாறும். நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் இந்தப் பிரச்சினையைக் கண்டுபிடித்தது, கணினியின் நெட்வொர்க் விவரத்தில் டிஹெச்சிபி சர்வர் என்ற வரியைப் பார்த்துத்தான். உங்கள் ரவுட்டரின் முகவரி அங்கே இல்லை என்றால், எங்கோ இன்னொரு பெட்டி ஓடுகிறது. கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள், அகப்படும்.

5. ஃபர்ம்வேர்

ஃபர்ம்வேர் என்பது பெட்டிக்குள் ஓடும் மென்பொருள். அதைப் புதுப்பிப்பதை வைஃபையில் இருந்து செய்ய வேண்டாம், கேபிளில் செய்யுங்கள். யூபிஎஸ் இல்லாமல் தொட வேண்டாம். முதலில் அமைப்புகளைச் சேமியுங்கள்.

நான் பெரும்பாலும் மைக்ரோடிக் பாவிக்கிறேன். அதை அமைக்கும் வின்பொக்ஸ் மென்பொருளில், ஐபி இல்லாமலே மேக் முகவரியால் (சாமானோடு வரும் அடையாள எண்ணால்) உள்ளே போகலாம். சேஃப் மோடை அழுத்திவிட்டு மாற்றம் செய்தால், தொடர்பு அறுந்தாலும் கொஞ்ச நேரத்தில் மாற்றம் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும். மைக்ரோடிக்கின் இயங்குதளமான ரவுட்டர்ஓஎஸ்ஸின் புதுப் பதிப்பை ஏற்றிய பிறகு ரவுட்டர்போர்ட் ஃபர்ம்வேரையும் தனியாக ஏற்றி, இன்னொரு முறை ரீபூட் செய்ய வேண்டும். பல பேர் இதை விட்டுவிடுகிறார்கள். பல அறைகள் உள்ள விடுதிக்கு, எல்லா வைஃபை பெட்டிகளையும் ஒரே இடத்தில் இருந்து பார்க்கும், டிபி-லிங்க்கின் ஒமாடா மாதிரி ஒன்று புதியவர்களுக்குச் சுலபம். 2.4 கிகாஹெர்ட்ஸில் பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளுக்கு 1, 6, 11 என்று சனல் பிரித்துக் கொடுங்கள்.

6. கையளிப்பது

போகும் முன் நீங்களே ஒரு பில் அடியுங்கள், கமராவில் பழைய பதிவு ஒன்றை ஓட்டிப் பாருங்கள். கார்ட் மெஷினில் சிக்னல் குறி மட்டும் போதாது. மறுநாள் முதல் வியாபாரம் நடக்கும்போது அங்கே நில்லுங்கள், அல்லது போனிலாவது இருங்கள். பழைய ரவுட்டரை ரீசெட் செய்யாமல் ஒரு வாரம் கடை அலுமாரியிலேயே வையுங்கள், பின் அறையில் மாட்டுவதென்றால் அதற்குப் பிறகு.

*பின்சேர்ப்பு:* நிலாவெளியில் தனித்தனிக் கபானாக்கள் உள்ள விடுதிக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். கட்டடம் விட்டுக் கட்டடம் செப்புக் கேபிள் ஓட வேண்டாம். பக்கத்தில் மின்னல் விழுந்தாலே அதன் வழியாக வந்து இரண்டு முனையிலும் சுவிட்சை எரித்துவிடும். உலோகம் இல்லாத ஃபைபர் இழுத்து, இரு பக்கமும் மீடியா கன்வேர்ட்டர் (ஃபைபரைச் செப்புக் கேபிளோடு இணைக்கும் பெட்டி) வையுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. ஃபைபருக்கு வழியில்லை என்றால் இரண்டு கூரைகளுக்கு நடுவே வயர்லெஸ் பாலம் போடலாம், கூரைப் பெட்டியில் இருந்து இறங்கும் கேபிளுக்கு எர்த் செய்த சர்ஜ் ப்ரொடெக்டர் கட்டாயம்.