களி உருண்டையும் நான்கு வயதுப் பிடிவாதமும்

பென்னாகரத்தில் எங்கள் வீட்டு இரவுச் சாப்பாடு பெரும்பாலும் கேழ்வரகுக் களிதான். 2023 முதல் தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகும் தருகிறார்கள், மாவுக்குப் பஞ்சமில்லை. நான்கு வயது மகள் மட்டும் வாயில் வைத்த களியை நாக்கால் தள்ளி வெளியே விடுவாள்.

வெல்லம் கலந்தோம். வெல்லத்தை மட்டும் நக்கினாள். நெய் ஊற்றினோம், கைபேசியில் பாட்டுப் போட்டோம், பலனில்லை. "பசித்தால் தானே சாப்பிடும்" என்றார் அத்தை. பசித்தது, பிஸ்கட் கேட்டது.

"சுடுகிறது" என்று அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. தொட்டால் உருண்டை ஆறித்தான் இருந்தது. ஒரு நாள் நானே நடுவில் விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளே நல்ல சூடு! களி வெளியே சீக்கிரம் ஆறி, பரப்பு இறுகிவிடும்; உருண்டைக்குள் சூடு வெகுநேரம் நிற்கும். பெரியவர்கள் குழம்பில் தோய்த்து விழுங்கிவிடுகிறோம். குழந்தை மெல்கிறது, களி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு சுடுகிறது.

இப்போது களியைக் கிண்டியதும் உருட்டுவதில்லை. தட்டில் மெல்லியதாகப் பரப்பி, ஆறியதும் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைக்கிறேன். கையை நனைத்து அவளே கிள்ளி, தட்டையாக்கி, நடுவில் குழி போடுகிறாள். குழிக்குள் பச்சைப்பயறு கடைசல். கை நனையாவிட்டால் களி விரலோடு வந்துவிடும், அங்கேயே ஆர்வமும் போய்விடும். முழு உருண்டையாக விழுங்க விடாதீர்கள், தொண்டையில் அடைக்கும்.

கடைசல்தான் இப்போது போதவில்லை.