துறைமுக ஊரின் சின்ன அருங்காட்சியகத்தை முழுசாகப் பார்ப்பது எப்படி

கிளம்புவதற்கு முன் போன் செய்து பேசிவிடுங்கள். இந்த மாதிரி இடங்களைப் பெரும்பாலும் ஊர்க்காரர்களே தன்னார்வத்தில் நடத்துகிறார்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள், அதுவும் அரை நாள்தான் திறந்திருக்கும். இணையத்தில் கிடக்கும் நேரம் போன வருடத்தினுடையதாக இருக்கலாம். கடைசியாக எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள், படம் எடுக்கலாமா, மாடிக்குப் படி மட்டும்தானா என்ற மூன்றையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பழைய பண்டகசாலையிலோ சுங்க அலுவலகத்திலோ இயங்கும் அருங்காட்சியகத்தில் படிகள் குறுகலாக, செங்குத்தாக இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் முன்பே தெரிந்துகொண்டு போவது நல்லது.

இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். அதற்கு முன் அரை மணி நேரம் துறைமுகத்தில் நடந்துவிட்டு வந்தால், உள்ளே இருப்பது பாதிக்கு மேல் தானாகவே விளங்கும். கரைக்கல்லின் விளிம்பில் கயிறு உரசி விழுந்த பள்ளம், கல்லில் பதித்த இரும்பு வளையம், செங்கல் வைத்து அடைத்த கிடங்குக் கதவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சரக்குக் கப்பல் நின்றால் அதன் பக்கவாட்டின் நடுப்பகுதியைப் பாருங்கள். 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டமும், அதைக் குறுக்கே வெட்டும் கோடும் இருக்கும். கப்பல் எந்த அளவு வரை அமிழலாம் என்று காட்டும் சுமைக்குறி அது. பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் போராடி, 1876-ல் பிரிட்டிஷ் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. ஆனால் அதை எந்த உயரத்தில் வரைவது என்பதை முதலில் கப்பல் உரிமையாளரிடமே விட்டுவிட்டார்கள். 1890-ல்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள். பக்கத்தில் ஏணிப்படி போல இருக்கும் கோடுகள் நன்னீர், கோடை, குளிர்காலம் முதலியவற்றுக்கானவை. நன்னீருக்கு அடர்த்தி குறைவு என்பதால் அதே சுமையோடு கப்பல் இன்னும் கொஞ்சம் அமிழும். அதனால் அந்தக் கோடு மேலே. குளிர்காலக் கடலில் கொந்தளிப்பு அதிகம், சுமையைக் குறைக்க வேண்டும். அதனால் அந்தக் கோடு கீழே.

உள்ளே போனதும் எதையும் படிக்காமல் பத்து நிமிடம் ஒரு சுற்று வாருங்கள். பலரும் வாசலில் உள்ள முதல் விளக்கப் பலகையிலிருந்து ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கி, மூன்றாவது அறைக்குள் களைத்துவிடுகிறார்கள். உங்களை நிறுத்திய மூன்று பொருளை மட்டும் தேர்ந்தெடுத்து, திரும்பி வந்து ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் கொடுங்கள். பழைய காகிதமும் துணியும் இருக்கும் அறைகளில் வெளிச்சத்தைச் சுமார் 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவுக்குக் குறைத்திருப்பார்கள், சாயம் வெளுக்காமல் இருக்க. கண் பழகச் சில நிமிடம் ஆகும். இருட்டு என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள்.

யாரும் நின்று பார்க்காத ஒரு பொருளைச் சொல்கிறோம்: ஆழம் பார்க்கும் ஈயக்குண்டு. மூன்று முதல் ஆறு கிலோ எடை, மேல் முனையில் கயிறு. குனிந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள், ஒரு குழி இருக்கும். அதில் விலங்குக் கொழுப்பை அப்பிக் கடலில் இறக்குவார்கள். தூக்கும்போது மணலா, சேறா, சிப்பியா என்று அடிமண் ஒட்டிக்கொண்டு வரும். மூடுபனியில் எங்கே இருக்கிறோம் என்பதை அதை வைத்தே மாலுமி கணித்தார். பிரிட்டிஷ் கப்பல்களின் கயிற்றில் ஆழத்துக்கு அடையாளம் கட்டியிருந்தார்கள். ஆழத்தை 'பாகம்' என்ற அலகில் அளந்தார்கள்: 2 பாகத்தில் இரண்டு தோல்வார், 3-ல் மூன்று, 5-ல் வெள்ளைத் துணி, 7-ல் சிவப்பு, 10-ல் ஓட்டை போட்ட தோல். ஒரு பாகம் 6 அடி, அதாவது 1.83 மீட்டர். துணிகள் ஒவ்வொன்றும் வேறு வேறு நெசவு. நிறம் தெரியாத இருட்டில் தடவிப் பார்த்தே ஆழம் சொல்ல வேண்டுமே! இதையெல்லாம் விளக்கச் சீட்டில் எழுதியிருக்க மாட்டார்கள். 'ஈயக்குண்டு, 19-ஆம் நூற்றாண்டு' என்றுதான் இருக்கும்.

கடல் வரைபடத்தில் முதலில் மூலையில் உள்ள அளவுக் குறிப்பைப் படியுங்கள். '5' என்பது பாகமா, அடியா, மீட்டரா என்பதைப் பொறுத்து ஒன்பது மீட்டரும் ஆகலாம், ஒன்றரை மீட்டரும் ஆகலாம். பழைய பிரெஞ்சு வரைபடமானால் தீர்க்கரேகை பாரிஸிலிருந்து கணக்கிட்டதாக இருக்கும். பிரான்ஸ் நேரக் கணக்குக்கு 1911-லும் கடல் பயணத்துக்கு 1914-லும்தான் கிரீன்விச்சுக்கு மாறியது. பாரிஸ், கிரீன்விச் இரண்டுக்கும் 2 பாகை 20 கலை (2°20′) வித்தியாசம். ஒரே துறைமுகத்துக்கு வேறு வேறு காலத்து வரைபடம் இரண்டு இருந்தால் கப்பல் வரும் வழியின் ஆழத்தை ஒப்பிடுங்கள். எண் குறைந்துகொண்டே வந்தால் அங்கே மண் தூர்ந்திருக்கிறது. பெரிய கப்பல்கள் ஊரை விட்டுப் போன காரணம் பல நேரம் அதுதான்.

கப்பல் மணியில் பொறித்த பெயரும் சீட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் உடனே பிழை என்று முடிவுகட்டாதீர்கள். கப்பல் கைமாறிப் பெயர் மாறினாலும் பழைய மணி அப்படியே தொங்குவது சகஜம்.

படம் எடுக்கும்போது முதலில் சீட்டு, பிறகு பொருள். இந்த வரிசை தவறினால் வீட்டுக்குப் போனபின் எது எது என்று தெரியாது. பிளாஷை அணைத்துவிட்டு, கேமராவைக் கண்ணாடிக்கு ஒட்டினாற்போலப் பிடியுங்கள், பிரதிபலிப்பு விழாது. பொருளின் ஓரத்தில் 1987.12.3 மாதிரி ஓர் எண் இருந்தால் அதையும் எடுங்கள். பல அருங்காட்சியகங்களில் இதன் பொருள், 1987-ல் வந்த பன்னிரண்டாவது தொகுதியில் மூன்றாவது பொருள் என்பது. 'இதோடு சேர்ந்து வேறு என்ன வந்தது?' என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். ஒரே வீட்டிலிருந்து வந்த கடிதம், சம்பளச் சீட்டு, குடும்பப் படம் எல்லாம் உள்ளறையில் இருக்கக்கூடும்.

குடும்பத்தில் யாராவது கப்பலில் வேலை பார்த்திருந்து அவரைத் தேடுகிறீர்கள் என்றால், இரண்டு வாரம் முன்பே கடிதம் எழுதுங்கள். ஆளின் பெயர் மட்டும் போதாது. மாலுமிப் பட்டியல்களைப் பெரும்பாலும் கப்பல்வாரியாகத்தான் அடுக்கியிருப்பார்கள். கப்பலின் பெயரும் தோராயமான வருடமும் தெரிந்தால் எடுத்து வைப்பார்கள். போகும்போது பென்சில் கொண்டு போங்கள். ஆவணங்களுக்குப் பக்கத்தில் பேனாவை அனுமதிக்க மாட்டார்கள்.