‘பிரசன்ட்’: எழுத்துகள் அதேதான், பிரியும் இடம் மட்டும் மாறும்

வகுப்பில் பெயரைக் கூப்பிட்டதும் ‘பிரசன்ட் சார்’ என்று எழுந்து நின்றவர்கள்தான் நாம். ஆனால் அதே சொல்லை அசை, அதாவது ஆங்கிலத்தில் ‘சிலபிள்’ எனப்படும் ஒலித்துண்டுகளாகப் பிரிக்கச் சொன்னால் தடுமாறுகிறோம்.

முதலில் பி, ஆர், இ, எஸ், இ, என், டி என ஏழு எழுத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். இப்போது புறங்கையைத் தாடைக்குக் கீழே ஒட்டி வைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்லுங்கள். தாடை ஒருமுறை இறங்கினால் ஓர் அசை; இரண்டு முறை இறங்கினால் சரி. மூன்று முறை இறங்கினால் ‘பி-ர-சன்ட்’ என்கிறீர்கள். தமிழில் சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வராது என்பதால் நம் நாக்கு நடுவில் ஓர் உயிரைச் செருகிவிடுகிறது. ‘ப்ரெ’ என்று ஒரே மூச்சில் தொடங்கிப் பழகுங்கள். அப்புறம், இந்த அசையை யாப்பு அசையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்: ‘படம்’ யாப்பில் ஒரே நிரையசை, ஆங்கிலக் கணக்கில் இரண்டு.

அடுத்தது பொருள். இதைப் பார்க்காமல் பிரிக்கவே முடியாது. பிறந்தநாள் பரிசு, நிகழ்காலம், வகுப்பில் இருப்பது, இந்த மூன்றுக்கும் அழுத்தம் முதல் அசையில். ‘ப்ரெஸ்-அன்ட்’ என்று எஸ்ஸுக்குப் பின்னால் கோடு போடுங்கள். அறிக்கையை முன்வைப்பது, மேடையில் விருது வழங்குவது என்று வினையாக வந்தால் அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போய்விடும், கோடும் எஸ்ஸுக்கு முன்னால் வந்துவிடும்: ‘ப்ரி-ஸென்ட்’. காரணம் எளிது. அழுத்திச் சொல்லும் குறில் தனியே நிற்காமல் அடுத்த மெய்யைத் தன்னோடு இழுத்துக்கொள்கிறது, அழுத்தம் போனதும் அந்த மெய்யை விட்டுவிடுகிறது. ஆங்கில அகராதியில் பார்த்தால் இரண்டு பதிவுக்கும் அசை பிரியும் இடத்தைக் காட்டும் புள்ளி வெவ்வேறு இடத்தில் இருக்கும்.

இரண்டிலும் எஸ் ஒலிக்கும்போது தொண்டையில் விரல் வைத்தால் வண்டு ரீங்கரிப்பது போல அதிர வேண்டும். அதிரவில்லையென்றால் ‘சென்ட்’ என்று சொல்கிறீர்கள்.

இத்தனை பொருளுக்கும் வேர் ஒன்றுதான். லத்தீனில் ‘முன்னால் இருப்பது’ என்ற பொருளில் பிறந்த சொல் இது. கண்முன் இருக்கும் ஆள், கண்முன் ஓடும் காலம், ஒருவர் முன் கொண்டுவந்து வைக்கும் பொருள், எல்லாம் அதில் அடங்கும். நம் ‘முன்னிலை’யை நினைத்துக்கொண்டால் மறக்காது, எனக்கு அப்படித்தான் மனதில் நின்றது.

பழக இன்னொரு சொல் வேண்டுமானால் ‘ரெக்கார்டு’ எடுத்துக்கொள்ளுங்கள். பெயராக வந்தால் ‘ரெக்’ என்று முறியும், பதிவு செய் என்ற வினையானால் ‘ரி’யிலேயே முறியும். தாடைக்குக் கீழே கை வைத்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பத்து முறை சொல்லுங்கள்.