மலைச்சாலையில் எரிமலைக்குழம்பின் அடுக்குகளை இனங்காணும் முறை

மும்பையிலிருந்து புனே செல்லும் கண்டாலா மலைப்பாதையிலோ மகாபலேசுவரத்திலோ பயணிப்பவர்கள், சாலைக்காக வெட்டப்பட்ட பாறைச் சுவரைப் பாதுகாப்பான ஓரிடத்தில் நின்று கீழிருந்து மேலாகப் பார்க்க வேண்டும். அது ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக்குழம்பு அடுக்கடுக்காகப் பரவி இறுகிய பசால்ட் பாறை. பல அடுக்குகளின் மேற்பகுதியில், குழம்பிலிருந்த வாயு குமிழ்களாக மேலெழுந்தபோது உண்டான சிறு துளைகள் நிறைந்திருக்கும். பிற்காலத்தில் சியோலைட், குவார்ட்ஸ் போன்ற கனிமங்கள் படிந்து அவற்றுள் பலவற்றை வெண்புள்ளிகளாக மாற்றியுள்ளன. துளைகள் செறிந்த பகுதி முடிந்து மீண்டும் திண்ணிய பாறை தொடங்கும் இடத்தை, பெரும்பாலும் அடுத்த குழம்புப் பெருக்கின் அடித்தளம் எனக் கொள்ளலாம். இடையே செங்கல் நிறத்தில் மெல்லிய பட்டை தெரிந்தால் அதைக் கவனிக்காமல் கடந்துவிட வேண்டாம். இரு உமிழ்வுகளுக்கு இடையே பாறையோ சாம்பலோ சிதைந்து மண்ணாவதற்குப் போதிய காலம் இருந்ததை அது காட்டுகிறது. அந்தச் சுவரிலேயே மிக அருமையான சான்று அதுதான் என்பது என் கருத்து. கண்ணுக்குத் தெரியாத சான்றும் ஒன்று உண்டு: குழம்பு குளிர்ந்தபோது அதன் இரும்புக் கனிமங்களில் பதிந்த காந்தத் திசையை ஆய்வகங்களில் அளந்தே, அப்போது இந்தியா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்ததையும் பின்னர் புவித்தட்டுடன் வடக்கு நோக்கி நகர்ந்ததையும் அறிஞர்கள் நிறுவினர்.