முயலுக்கு மாம்பழத் தோல்: ஈரத்தால் வந்த வினை

கிருஷ்ணகிரிப் பக்கம் ஜூன் வந்தால் மாங்கூழ் ஆலைகளில் கிளிமூக்கு மாம்பழத் தோல் மலையாகக் குவியும். தீவனச் செலவு மிச்சம் என்று ஈரத்தோலை அப்படியே முயல்களுக்குப் போட்டேன். இரண்டே நாளில் கழிச்சல், வயிற்று உப்புசம். மூன்று குட்டிகள் போயின. சீக்கிரம் புளித்துவிடும் சரக்கு அது, சர்க்கரையும் அதிகம். முயலின் குடலுக்கோ நார்தான் முக்கியம்.

தோலை நிறுத்திவிட்டுக் காய்ந்த புல்லும் தண்ணீரும் மட்டும் வைத்தேன். மற்றவை தேறின. அப்புறம், அன்றன்று வந்த தோலை நறுக்கித் தார்ப்பாயில் மூன்று நாள், கையில் ஒடியும்வரை காயவைத்தேன். பூஞ்சை பிடித்தது எருக்குழிக்குப் போகும். பொடித்து, 1 கிலோ அடர்தீவனத்தில் (தானியம், பிண்ணாக்கு, தவிடு கலந்த தீவனம்) 50 கிராம் கலந்து தொடங்கி, இரண்டு வாரத்தில் 100 கிராம் ஆக்கினேன். புல்லும் வேலிமசால் என்ற பசுந்தீவனமும் குறைக்கவில்லை. புழுக்கை உருண்டையாக விழுகிறதா என்று தினமும் பார்ப்பேன். மழை நாளில் தோலே வாங்குவதில்லை.