மாதிரிப் பேரவையில் சபாநாயகரை நீக்கும் தீர்மானத்தை நடத்துவது எப்படி?

பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் மாதிரிச் சட்டப்பேரவை நடத்த விரும்பும் மாணவர்கள், அமைச்சரவை மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை விட்டுவிட்டுப் பேரவைத் தலைவரை நீக்கும் தீர்மானத்தை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். சேரன்மகாதேவியிலிருந்து பி.எச்.பாண்டியனும், அம்பாசமுத்திரத்திலிருந்து ஆவுடையப்பனும், ராதாபுரத்திலிருந்து அப்பாவுவும் அந்த இருக்கைக்குச் சென்றிருப்பதால் நெல்லைச் சீமைக்கு இது அந்நியமான பொருளன்று.

பேரவைத் தலைவரின் பணியை உறுப்பினர்களுக்கு முதலில் விளக்கிவிட வேண்டும். யாரைப் பேச அழைப்பது, எதை அவைக்குறிப்பிலிருந்து நீக்குவது என்பதோடு, அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணையின்படி கட்சித் தாவல் புகார்களில் தீர்ப்புச் சொல்வதும் அவரே. பூசல் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

அடுத்தது அறிவிப்பு. மாநிலப் பேரவைக்கு அரசியலமைப்பின் 179-ஆவது பிரிவும், மக்களவைக்கு 94-ஆவது பிரிவும் குறைந்தது 14 நாள் முன்னறிவிப்பு கேட்கின்றன. ஆகவே நிகழ்ச்சி நாளுக்கு இரண்டு வாரம் முன்பே எழுத்து மூலம் அறிவிப்பு தரப்பட வேண்டும். 'நடுநிலை தவறினார்' என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் போதாது. எந்த நாள், எந்த விவாதம், யாருக்குப் பேச வாய்ப்பு மறுக்கப்பட்டது என்று குற்றச்சாட்டு திட்டவட்டமாக இருக்க வேண்டும். மக்களவை விதிகள் தீர்மான வாசகத்தில் வாதத்தையும் எள்ளலையும் அனுமதிப்பதில்லை. அங்கே 50 உறுப்பினர்கள் எழுந்து நின்று ஆதரித்தால்தான் விவாதமே தொடங்கும். 1966-இல் அப்போதைய மக்களவைத் தலைவர் ஹுகம் சிங் மீதான தீர்மானம் அந்த ஆதரவு கிடைக்காமல் நின்றுபோனது.

விவாதத்தின்போது பேரவைத் தலைவர் இருக்கையில் அமரக் கூடாது. துணைத் தலைவர் அவையை நடத்துவார். ஆனால் தலைவர் அவையில் இருந்து தம் தரப்பைப் பேசலாம், உறுப்பினராக வாக்களிக்கலாம். வாக்குகள் சமமானால் அளிக்கும் முடிவு வாக்கு மட்டும் அவருக்குக் கிடையாது. 1972 டிசம்பரில் தமிழகப் பேரவைத் தலைவர் மதியழகனை நீக்கும் தீர்மானம் வந்தபோது தலைவரும் துணைத் தலைவரும் ஒரே அவையில் தனித்தனியே கூட்டம் நடத்திய அமளியை அரங்கேற்ற மாணவர்கள் நிச்சயம் ஆசைப்படுவார்கள்; பொறுப்பாசிரியர் இடம் கொடுக்காதிருப்பது நல்லது.

பலரும் தடுக்கி விழுவது வாக்கு எண்ணிக்கையில்தான். வந்திருப்போரில் பெரும்பான்மை இங்கே செல்லாது. அப்போதைய மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும். 234 இடமும் நிரம்பியிருந்தால் 118 பேர் ஆதரிக்க வேண்டும். உங்கள் பேரவையில் 40 பேர் இருந்து, அன்று 32 பேர் மட்டும் வந்து, 18-க்கு 14 என்று வாக்கு விழுந்தாலும் தீர்மானம் தோற்றதாகவே பொருள், 21 வேண்டும். வராதவர், நடுநிலை வகித்தவர் எல்லாரும் உண்மையில் தலைவரைக் காப்பாற்றுகின்றனர். ஆகவே குரல் வாக்கெடுப்போடு நிறுத்தாமல், பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணுங்கள். 2017-இல் தனபால் மீதான தீர்மானம் 97-க்கு 122 என்றும், 2025-இல் அப்பாவு மீதான தீர்மானம் 63-க்கு 154 என்றும் எண்ணித்தான் தோல்வி அறிவிக்கப்பட்டது.

தீர்மானம் தோற்றால் தலைவர் இருக்கைக்குத் திரும்புவார். வென்றால், புதியவரைத் தேர்ந்தெடுக்கும் வரை துணைத் தலைவரே அவையை நடத்துவார்.