கடலடி வெந்நீர் ஊற்றின் வெப்பத்தில் உணரியை இயக்குதல்: குளச்சல் கடல்நீரில் ஒரு செய்முறை

கன்னியாகுமரிக் கரையோரக் கடலில் வெந்நீர் ஊற்றுகள் இல்லை. அவை நடுக்கடல் மலைத்தொடர்களில், பெரும்பாலும் 2,000 மீட்டருக்கும் கீழே உள்ளன. மத்திய இந்தியப் பெருங்கடல் மலைத்தொடரில் 2000-ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட கைரேய் தொகுதி அவற்றுள் ஒன்று. அங்கே சுமார் 350 டிகிரிச் சூட்டில் வெளிவரும் நீர், மேலிருக்கும் கடலின் அழுத்தத்தால் கொதிக்காமலேயே, 2 டிகிரிக் குளிர்நீரில் கலக்கிறது. அங்கே வைத்த உணரியின் (சென்சாரின்) பேட்டரி தீர்ந்தால் அதற்காகக் கப்பலை அனுப்புவதைவிட, இந்த வெப்பநிலை வேறுபாட்டிலிருந்தே மின்சாரம் எடுப்பது மேல். அந்த முறையைக் குளச்சலில் ஒரு வாளிக் கடல்நீரைக் கொண்டே செய்து பார்க்கலாம்.

குளிரூட்டப் பயன்படும் டிஇசி1-12706 (TEC1-12706) என்னும் பெல்டியர் மாட்யூலை, அதாவது வெப்பத்தையும் மின்சாரத்தையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றும் தகட்டை, வாங்குங்கள். 40 மில்லிமீட்டர் சதுரமான இதற்குள் 127 குறைக்கடத்தி இணைகள் உள்ளன. இரு முகங்களுக்கும் இடையே வெப்பநிலை வேறுபட்டால் மின்னழுத்தம் பிறக்கும். இது 1821-இல் இயற்பியலாளர் சீபெக் கண்ட விளைவு.

வாளியில் கடல்நீரோடு மீனுக்கு இடும் ஐஸைப் போட்டு, ஹீட் சிங்கின் (வெப்பத்தை வாங்கிச் சிதறவிடும் அலுமினியத் துண்டின்) துடுப்பு போன்ற மெல்லிய தகடுகள் மட்டும் நீரில் மூழ்குமாறு அதைப் பொருத்துங்கள். அதன்மேல் மாட்யூலையும், மாட்யூலின்மேல் அடி தட்டையான அலுமினிய டப்பாவையும் வைத்து, தொடும் முகங்களில் வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்டை மிக மெல்லியதாகத் தடவி இறுக்கிக் கட்டுங்கள். மாட்யூலின் நான்கு விளிம்புகளையும் சிலிக்கான் பசையால் அடைத்துவிட வேண்டும். முதல்முறை நான் இதை அலட்சியம் செய்ததால், தெறித்த கடல்நீர் உள்ளே புகுந்து இரண்டே நாளில் செம்பு இணைப்புகள் பச்சை பூத்துவிட்டன.

மாட்யூலின் இரு கம்பிகளையும் மல்டிமீட்டரில் (மின்னழுத்தம் அளக்கும் கருவியில்) இணைத்து, டப்பாவில் வெந்நீரை ஊற்றியதும் எண் விறுவிறுவென ஏறி, சிறிது நேரத்தில் சரியத் தொடங்கும். வெந்நீர் இன்னும் ஆவி பறக்கும்போதே ஏன் சரிகிறது? குளிர்ந்த நீர் கனமானது என்பதால் டப்பாவின் அடியிலேயே தங்கிவிடுகிறது. கீழே சூடேறிய கடல்நீரோ லேசாகித் துடுப்புகளுக்கிடையே மேலேயே நிற்கிறது. ஒரு கரண்டியால் இரண்டையும் கலக்கினால் எண் மீண்டும் ஏறுவதைக் கண்ணாரக் காணலாம். வெந்நீருக்கும் ஐஸ்நீருக்கும் உள்ள வேறுபாடு கணக்கில் வராது. மாட்யூலின் இரு முகங்களுக்கு இடையே எஞ்சுவதே கணக்கு. என் அனுபவத்தில், சூட்டைக் கூட்டுவதைவிடக் குளிர்ப்பக்கத்தைக் காப்பாற்றுவதுதான் கடினம்.

முகங்களுக்கிடையே 30 டிகிரி நிலைத்தால், சுமை (மின்சாரத்தை எடுக்கும் கருவி) எதையும் இணைக்காதபோது சுமார் 1.5 வோல்ட் கிடைக்கும். மாட்யூலின் உள்மின்தடைக்கு நிகராக 2 ஓம் சுமையை இணைத்தால் மின்னழுத்தம் பாதியாகும். அப்போது கிடைக்கும் சுமார் 0.28 வாட்டே உச்சத் திறன். மின்முனைகளைச் சரிபார்த்தபின், மின்னழுத்தத்தைக் கூட்டும் பூஸ்ட் கன்வெர்ட்டர் வழியாக 3.3 வோல்ட்டுக்கு உயர்த்தி, பேட்டரிபோல் மின்சாரத்தைத் தேக்கும் ஒரு சூப்பர் கெப்பாசிட்டரில் சேமியுங்கள். டிஎஸ்18பி20 (DS18B20) என்னும் வெப்ப உணரியையும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டுமே விழித்து அதை இயக்கும் மைக்ரோகன்ட்ரோலர் என்னும் சிறு கணினிச் சில்லையும் அதில் இணையுங்கள்.

ஆழ்கடலுக்கு இதே மாட்யூல் ஆகாது. இதன் பாகங்களை ஒட்டியிருக்கும் சாலிடர் (பற்றாசு) 138 டிகிரியிலேயே உருகிவிடும். அங்கே, வெப்பத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடத்தும் டைட்டானிய வெப்பக்குழாயின் ஒரு முனையை ஊற்றின் வாய்க்குள் செருகி, தாங்கக்கூடிய அளவு வெப்பத்தை மட்டும் மாட்யூலுக்குக் கடத்த வேண்டும். ஊற்றுநீர் அமிலத்தன்மை கொண்டது. குளிர்நீரைத் தொட்டதும் உலோக சல்பைடுகள் படியும். குழாயின்மேல் அந்தப் படிவு தடிக்கத் தடிக்க மின்சாரம் குறையும் என்பதால், உணரி தன் அளவீட்டோடு மாட்யூலின் மின்னழுத்தத்தையும் ஒவ்வொரு முறையும் பதியுமாறு நிரல் எழுதுங்கள்.

சோதனை முடிந்த அன்றே ஹீட் சிங்கை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். உப்பு அலுமினியத்தை அரித்துவிடும்.